அறங்காவலரின் முகவரி

என் அக்கா வில்மா காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தபாலில் வந்த வாக்குச்சீட்டைப் பிரித்தாள். நீதிபதி, தண்ணீர் வாரியம், கொசு ஒழிப்பு வாரியம் என்று ஒவ்வொன்றாகப் படித்து, சீட்டைத் திருப்பியும் பார்த்துவிட்டு, எதிரே முட்டையை வெட்டிக்கொண்டிருந்த புருஷனிடம், "உன் பேரக் காணோமே டெல்பர்ட். நீ நிக்கறது நெசந்தானா, இல்ல வீட்டுக்கு வெளிய போக ஒரு சாக்கா?" என்று கேட்டாள்.

டெல்பர்ட் ரூஸ் அசரவில்லை. இருபது வருஷமாக ஆல்டர் க்ரீக் சமுதாயக் கல்லூரியின் அறங்காவலர் வாரியத்தில் உட்கார்ந்து பழகியவர். கேள்விக்குப் பதில் சொல்லும் முன் வாயைத் துடைத்துக்கொள்வார். துடைத்துக்கொண்டு விளக்கினார். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு வாரியத் தேர்தல் வட்டங்களின் எல்லையை மாற்றி வரைந்துவிட்டார்கள். கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய இந்த வீடு ஐந்தாம் வட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்குத் தேர்தல் இல்லை. அவர் நிற்பது மூன்றாம் வட்டத்தில். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பழம் அடைக்கும் கொட்டகைகள் இருக்கும் பக்கம். நிற்கிறவர் அந்த வட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே தரகர் மூலமாக ஃபிக் தெருவில் 418ஆம் எண் வீட்டை வாங்கி, வாக்காளர் பட்டியலில் தன் பெயரை அங்கே மாற்றிக்கொண்டார். காகிதத்தில் நான்கு மாதமாக அவர் அங்கேதான் தூங்கி எழுகிறார்.

"அங்க குறட்டைக்கு என்ன செய்யறாங்களாம்?" என்றாள் அக்கா.

இந்தப் பதவிக்கு மாதம் நானூறு டாலர் படி. இதைப் பிடிக்க அவர் செய்யும் பிரசாரத்துக்கு ஒரு கட்டட நிறுவனம் மட்டும் எண்பத்தைந்தாயிரம் டாலர் கொடுத்திருந்தது. கல்லூரியின் புதிய அறிவியல் கட்டடத்தைக் கட்டப்போவதும் அதே நிறுவனம்தான். கல்வியின் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு பற்று. பிரசாரப் பொருளாளர் நான். என் மச்சான் மெர்ல் நேர்மையானவன், அதனால்தான் அவனைப் போட்டேன் என்று டெல்பர்ட் ஊரில் சொன்னார். அவன் எதையும் கேட்கமாட்டான், அதனால்தான் என்று அக்காவிடம் சொன்னார். இரண்டும் உண்மைதான். அந்தப் பணத்தில் மூன்றாம் வட்டத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு தடவை வழுவழுப்பான அட்டை போனது. அதில் டெல்பர்ட், பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மடிப்புக் கலையாத தொழிலாளிச் சட்டையோடு, வெல்டிங் முகமூடியைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். அடியில் 'உங்கள் தெருக்காரர்' என்று பெரிய எழுத்து.

அவருக்கு நானூறு டாலரும் பெரிதில்லை, கல்வியும் பெரிதில்லை. டிசம்பரில் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் வைக்க வாரியம் வாக்களிக்கும். அவர் பெயரை முன்மொழிவதாக வாரிய உறுப்பினர் இரண்டு பேர் உறுதி சொல்லியிருந்தார்கள். தோற்றவர் பெயரை யாரும் கல்லில் பொறிக்கமாட்டார்கள். இது அவருக்கும் தெரியும். எழுத்துகள் வெண்கலத்தில் இருக்க வேண்டும் என்பதுவரை முடிவாகியிருந்தது.

"அப்ப உன் சீட்டு எங்க வந்திருக்கும்?" என்றாள் அக்கா, தட்டுகளை எடுத்துக்கொண்டே.

டெல்பர்ட் மறுபடி வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, வண்டிச் சாவி எங்கே என்றார்.

பதினொரு மணிக்கு நூலகத்தின் முன்னால் அவர் வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடுவதைப் படமெடுக்க உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வருவதாக இருந்தது. அதற்குள் சீட்டை எடுத்துவர என் பழைய பிக்கப் வண்டியில் ஃபிக் தெருவுக்குக் கிளம்பினோம். அவருடைய வண்டி அந்தத் தெருவில் நின்றால் தெருக்காரருடையது மாதிரி இருக்காது என்றார். ஃபிக் தெருவில் தன் வீட்டைத் தாண்டிப் போய், எண்களைப் பார்த்து, திரும்பி வரச் சொன்னார்.

முன்புல்வெளியில் எதிர்வேட்பாளரின் பலகை நட்டிருந்தது. ஃப்ளோரா மெண்டஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுடைய பலகைகள் எல்லாம் கையால் எழுதியவை. டெல்பர்ட் அதைப் பிடுங்கக் குனிந்தபோது கதவு திறந்தது. வீட்டில் வாடகைக்கு இருக்கும் யெசேனியா வேலை முடிந்து வந்த ஆஸ்பத்திரி உடையிலேயே நின்றாள். டயாலிசிஸ் மையத்தில் வேலை. டெல்பர்ட் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஆறு அட்டையும் அவளுக்கு வந்திருக்கிறது. அது மட்டுமில்லை, கல்லூரியின் மாலை நேர நர்சிங் வகுப்பில் இரண்டு வருஷம் படித்தவள். மகளை விட்டுப் போகக் கல்லூரியில் இருந்த குழந்தைக் காப்பகத்தை இந்த வசந்தத்தில் வாரியம் மூடியது. கட்டடத்துக்குப் பணம் வேண்டும் என்று பேசியவர் டெல்பர்ட். அவள் படிப்பு அந்த வாரத்தோடு நின்றது.

தன் பேருக்கு ஏதாவது தபால் வந்திருக்கிறதா என்று டெல்பர்ட் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாலு மாசமா வருதே. எல்லாத்துலயும் 'இந்த முகவரியில் இப்படி யாரும் இல்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டிருக்கேன். நமக்கு வராதத நாம வெச்சுக்கலாமா?"

எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். தெருவோரத் தபால் பெட்டியைக் கண்ணால் காட்டினாள். தபால்காரர் எடுத்துப்போக ஏதோ இருக்கிறது என்பதற்கு அடையாளமாக அதன் சிவப்புக் கொடி நிமிர்ந்து நின்றது. டெல்பர்ட்டின் வாக்குச்சீட்டும் அதற்குள்தான் இருக்கிறது என்றாள்.

நான் விதிகளைப் படித்தவன். அப்படி எழுதிய சீட்டு தேர்தல் அலுவலகத்துக்குத் திரும்பிப் போனால் அவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்பார்கள்; கேட்டால் வேட்புமனு போச்சு என்று அவர் காதில் சொன்னேன். அவர் பெட்டியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். யெசேனியா கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

"தொடாதீங்க. அது நான் அனுப்பற தபால்."

"என் பேருக்கு வந்ததும்மா அது."

"பேரு உங்களோடதுதான். வீடு?"

"வீடும் என்னோடதுதான். நெனச்சா அடுத்த மாசமே உன்ன..."

"நிறுத்திட்டீங்களே. சொல்லுங்க, பதிவாகுது. எனக்கு வாடகைக்கு விட்டுட்டு, நீங்களும் இங்கயே குடியிருக்கறீங்க. அப்படித்தானே?"

பக்கத்து வீட்டுக்காரர் ரோஜாவுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுக் குழாயோடு திரும்பினார். எதிர் வீட்டில் ஒரு திரை விலகியது. டெல்பர்ட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பட்டமளிப்பு விழாவில் பேசுகிற குரல் வந்தது.

"நான் இங்கதான் குடியிருக்கேன்."

யெசேனியா சற்று யோசித்தாள். பிறகு கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"சரி, வாங்க. உங்க ரூம் எதுன்னு காமிங்க. காமிச்சிட்டா அந்தக் கவர நானே எடுத்து உங்க கையில தர்றேன்."

டெல்பர்ட் என்னைப் பார்த்தார். அவர் வாங்கிய நாள் முதல் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். நான் தெருமுனையைப் பார்த்தேன். தபால் வண்டி திரும்பி, ஒவ்வொரு பெட்டியாக நின்று நின்று வந்துகொண்டிருந்தது.

அவர் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நடையின் கோடியில் சாத்திய கதவுகள் மூன்று. யெசேனியா கைபேசியோடு பின்னால் போனாள். தன் வீட்டில் நடக்கிறவர் மாதிரி நிதானமாக நடந்து, முதல் கதவின் பிடியைத் திருகி, முழுக்கத் திறந்தார். சாமான் அடைக்கிற குறுகலான இடம்; உள்ளே ஒரு துடைப்பம், மடித்து வைத்த குழந்தைக் குளியல் தொட்டி, ஆளுயர வெந்நீர்க் கொதிகலன். அவர் கதவைச் சாத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. சோதனை பார்க்க வந்த அதிகாரி போல் பிடியில் கை வைத்தபடி நின்றார். வாசலில் நின்ற எனக்குப் பின்னால் தபால் வண்டி நின்றது. பெட்டியின் தகர மூடி திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. கொதிகலனின் அடியில் சின்னதாக ஒரு நீலச் சுடர் எரிந்துகொண்டிருந்தது. டெல்பர்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.