வாயாடியின் விளக்கு

பொது மேலாளர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டிருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர், அவரும் மறுத்ததில்லை. ஒரு அலுவலகத்தையே ஆட்டிப்படைத்த உடம்பில் இப்போது வெளியே தெரிந்தது பின்பக்கம் மட்டும்தான்.

"சிவப்பு எரியுதா?" கட்டிலிலிருந்து மனைவி கேட்டாள். பாதி காற்றாகிவிட்ட குரல்.

"எரியுது."

"பச்சை?"

"கண்ணடிக்குது."

"அப்போ பொட்டிக்கு ஒண்ணும் இல்ல."

பொட்டி என்பது சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒயர் இழுத்து, கட்டிலோரம் ஒரு பொத்தானும் ஒரு விளக்கும் வைத்திருந்தாள். அதே மாதிரி இன்னொன்று தொலைதூரத்தில் தங்கை வீட்டில். இங்கே அமுக்கினால் அங்கே எரியும். அங்கே அமுக்கினால் இங்கே. பக்கவாதத்தில் தங்கைக்குப் பேச்சு நின்றபோது எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவள் மட்டும் உட்கார்ந்து ஒயர்களைப் பற்றவைத்தாள். "விளையாட்டுச் சாமான்" என்றார் பொது மேலாளர். அக்காவும் தங்கையும் அதில் சண்டைகூடப் போடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

நேற்று மதியத்திலிருந்து விளக்கு எரியவில்லை. இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கையை அவள் சின்ன வயதிலிருந்தே வாயாடி என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "வாயாடி எனக்கு முன்னாடி போயிட்டாளா?"

தங்கை மகனுக்குப் போன் போட்டார். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க பெரியப்பா. அமுக்கிக்கிட்டேதான் இருக்காங்க. கோளாறு உங்க பக்கம்."

"சும்மா சமாதானம் சொல்றீங்க," என்றாள் அவள்.

அதனால்தான் மேஜையடி.

"இது சர்வர் பிரச்சினையாத்தான் இருக்கும்," என்று அங்கிருந்தே அறிக்கை விட்டார்.

"ஏங்க, நேத்து எதைத் தொட்டீங்க?"

அவர் மேஜையடியிலிருந்து மெல்லப் பின்னால் ஊர்ந்து வெளியே வந்தார். நேற்று நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் உட்காருவதற்கு முன்பே வழக்கம்போல் வைஃபையைப் போட்டுக்கொண்டு போனில் மூழ்கிவிட்டார்கள். அந்த எரிச்சலில்...

"பாஸ்வேர்டை மாத்தினேன்."

"என்னன்னு?"

தொண்டையைச் செருமினார். "ஜெனரல் மேனேஜர்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று. "பொட்டிக்கு உங்க பதவி தெரியாதுங்க. புதுசா சொல்லிக் குடுக்க எனக்குத் தெம்பில்ல. பழையதையே போடுங்க."

"அது என்ன?"

"வாயாடி."

இத்தனை காலம் தன் வீடு யார் பெயரில் ஓடியது என்று அப்போதுதான் தெரிந்தது. போனில் எழுத்தெழுத்தாகத் தட்டினார். கூடத்தில் ஒவ்வொரு போனாகக் கிணுகிணுத்தது. "மாமா, வந்திருச்சு!" என்று கூவினான் ஒரு மருமகன். அவருக்குக் கோபம் வரவில்லை.

விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"திட்டுறா," என்றாள். முகம் தெளிந்துவிட்டது. கை பொத்தானுக்குப் போயிற்று. அமுக்கும் பலம் விரலில் இல்லை. அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினார். அங்கிருந்து பதில் வந்தது. மறுபடி அமுக்கினார்கள்.

"படுத்த இடத்துலேர்ந்தே எப்படிக் கண்டுபிடிச்ச, நீ..." என்று ஆரம்பித்தார். பாராட்டிப் பழக்கமில்லாததால் வாக்கியம் பாதியில் நின்றது.

"பேச்சை விட்டுட்டு அமுக்குங்க."

அமுக்கினார். கொஞ்ச நேரத்தில், அடியிலிருந்த விரல் தளர்ந்தது.

எதிரே விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது. விரலை எடுத்தால் அங்கே அணைந்துவிடும். பொது மேலாளர் அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தார்.