எல்லைக்கல்லுக்குக் கற்பூரம்

நீட் தேர்வில் வென்றவன் இந்த உலகில் எவனுக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. குருவிநத்தம் புகழ்வேந்தன், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று காலை, வரப்பில் நின்று இதை அறிவித்தான். கொக்குகள் கேட்டுக்கொண்டன. அவனுடைய அப்பா உலகநாதன் கேட்கவில்லை. கரும்புக்கொல்லையின் ஓரத்தில் இருந்த எல்லைக்கல்லுக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். கல்லுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு.

“பரீட்சை எழுதுனது நானா, கல்லாப்பா? அப்படியே ஒரு ஸ்டெதஸ்கோப்பும் மாட்டி வுடு.”

“நம்ம வூடு இந்தப் பக்கம் இருக்கவேதான்டா பாண்டிச்சேரி கோட்டாவுல வந்துச்சு.”

தீப்பெட்டியைக் கல்மேலேயே வைத்துவிட்டு அவர் மோட்டார் போடப் போனார்.

அந்தப் பக்கத்து நிலத்தில் மணிமாறன் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். இருவரும் பாகூரில் ஒரே டியூஷன், ஒரே பெஞ்சு.

“சீட்டு வந்துச்சாமே. சூப்பர்டா டாக்டரே!”

“உனுக்கு?”

“எங்க பக்கம் கட்டாஃப் எகிறிடுச்சுடா. வரல.”

“மார்க்கு இன்னா?”

மணிமாறன் சொன்னான். புகழ்வேந்தனைவிட முப்பது அதிகம். மணிமாறன் மடையில் அடைத்திருந்த சேற்றை மண்வெட்டியால் தள்ளிவிட்டான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“உன் பிசிக்ஸ் கைடு குடுடா. மறுபடியும் எழுதணும்.”

“எல்லா புக்கும் எடுத்துக்கடா.”

மணிமாறன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மடைக்குப் போனான். காற்றில் கற்பூரம் அணைந்திருந்தது. புகழ்வேந்தன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து தீக்குச்சியைக் கிழித்தான்.