நற்கருணை நேரத்துக் கிளாரினெட்

நாசரேத் கோயில் பேண்டு பவனிக்கென்றே பழகியது. விடியற்காலையில் தெருத்தெருவாகப் போகையில் கடைசி வீடு வரை கேட்க வேண்டும். அற்புதமணி டீச்சரும் இரண்டு வருஷமாக அப்படித்தான் கிளாரினெட் பழகினாள். அதனாலேயே, நற்கருணைக்கு சனங்கள் எழுந்து முன்னே போகும் நேரத்தில், பாடகர் குழுவை நடத்தும் எபனேசர் சார் அவள் பக்கம் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். அந்த அமைதிக்குள் ஊத வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

கருவி பழசு, அதுதான் இரைகிறது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். வேறு வாங்கக் கணவரும் சம்மதித்தார். சம்மதித்த நாளிலிருந்து அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. புதுசும் இரைந்தால், கோளாறு தன்னிடம்தான் என்று ஆகிவிடும். பழசு இருக்கும்வரை பழியைப் போட ஓர் இடம் இருந்தது.

எழுபத்தாறாம் வருஷக் கோடையில் ஒருநாள், நாத்தனார் பிளாரன்ஸைக் கூட்டிக்கொண்டு, பழசையும் எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள். ஜேசுதாசன் அண்ணாச்சியின் வாத்தியக் கடையில், கப்பலில் வந்த மரக் கிளாரினெட் ஒன்று இருந்தது. பிளாரன்ஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஊதுங்க மதினி. எது பழசு, எது புதுசுன்னு பாக்காமலே சொல்லுதேன்."

அற்புதமணி மரக் கருவியை எடுத்து ஊதினாள்.

"இது பழசு," என்றாள் பிளாரன்ஸ், யோசிக்காமலே.

அற்புதமணிக்கு முகம் சுண்டிவிட்டது. அண்ணாச்சி சிரித்தார். "டீச்சர், இங்கன பவனி ஒண்ணும் போகலியே. இதுக்குப் பாதி மூச்சு போதும்."

பாதி மூச்சு. குறைத்துக் கொடுத்தால் ஒன்றும் கேட்காமல் போய்விடும் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. வகுப்பிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். யாரும் 'என்ன?' என்று கேட்குமுன்பே குரலை உயர்த்திவிடுவாள்.

குறைத்து ஊதினாள். சுரம் சன்னமாக எழுந்து, கலையாமல் நின்றது. பிளாரன்ஸ் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அற்புதமணி அதே ரீடை, வாயில் வைத்து ஊதும் அந்த நாணல் சீவலை, பழைய கருவியில் மாட்டி, அதே அளவு மூச்சைக் கொடுத்தாள்.

"ஏன் மதினி நிறுத்திட்டீங்க?"

"நிறுத்தலை ஏளா. ஊதிக்கிட்டுதான் இருக்கேன்."

வெறும் காற்றுதான் வந்தது. "போன மாசம்தான் இந்தப் பழசுக்கு எல்லாம் புதுசா மாத்திக் குடுத்தேன்," என்றார் அண்ணாச்சி. "அதால அவ்வளவுதான் முடியும்."

தன்மேலும் தப்பு இருந்தது, கருவியிலும் குறை இருந்தது. ஒன்றை ஒத்துக்கொண்டதால்தான் மற்றது தெரிந்தது. மரக் கிளாரினெட்டைக் கட்டித் தரச் சொன்னாள்.

மறு சனிக்கிழமை பாடல் பயிற்சியில், நற்கருணைப் பாட்டு தொடங்கியதும் எபனேசர் சாரின் கை வழக்கம்போல் உயர்ந்தது. பாதியில் நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கியது.

பாட்டு முடிந்ததும் சொன்னார்: "நாளைக்கு ரெண்டு சரணம் மட்டும் ஊதுங்க. பாப்போம்."

"மூணாவது சார்?"

"பேராசை டீச்சர் உங்களுக்கு."

அவள் மறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் மூன்றாவதையும் சேர்த்தே பழகினாள்.