பளையில் எடுத்த போன்

போனை ஒரு காதில் அழுத்தி, மற்றக் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு ஜெயசுதன் பஸ்ஸின் மிதிபலகையில் குந்தியிருந்தான். முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். குருநகரிலிருந்து திருகோணமலைக்குச் சுற்றுலா போன தேவாலய இளையோர் பாடகர் குழு அது. ஒரு நாள் அங்கே கோயில் பெருநாளுக்குப் பாடினார்கள், மற்ற நாள் கடலில் விழுந்து கூத்தடித்தார்கள். இப்போது ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, எங்கை வாறியள்?" சித்தப்பா அருட்பிரகாசத்தின் குரல்.

"ஆனையிறவு சித்தப்பா. சத்தமாக் கதையுங்கோ, ஒண்டும் விளங்கேல்லை."

"தங்கச்சி பக்கத்திலை நிக்கிறாளோ?"

"இல்லை. அவள் பின்னுக்கு நிண்டு ஆடுறாள்."

"அப்பா மோசம் போயிட்டார் தம்பி," என்றார். "மத்தியானம் படுத்தவர், எழும்பேல்லை. டொக்டரும் வந்து பாத்திட்டார். நீ ஆம்பிளைப் பிள்ளை, மனசைத் திடப்படுத்து. அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. பஸ்ஸுக்கை மயங்கி விழுந்தாள் எண்டால் ஆர் பாக்கிறது? வீட்டை வந்து அறியட்டும்."

"ஓம்," என்றான் ஜெயசுதன். "ஓம் சித்தப்பா."

றோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் வெளிறிக் கிடந்தது. அப்பா செத்துப்போனார் என்று தனக்குத்தானே ஒருதரம் சொல்லிப் பார்த்தான். சொல்லும்போதே அவனுடைய கால் மிதிபலகையில் பாட்டுக்குத் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் காலை இழுத்து மடக்கிக்கொண்டான். சீ, நானும் ஒரு பிள்ளையா என்று மனதில் வந்தது.

முன்சீற்றில் டோலக் அடித்துக்கொண்டிருந்த டினேஸிடம் குனிந்து காதுக்குள் சொன்னான். டினேஸின் கை அப்படியே நின்றுவிட்டது.

"டினேஸ் அண்ணை! என்ன நித்திரையோ? அடியுங்கோ!" பின்னாலிருந்து தங்கச்சி ஜெசிதா கத்தினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. மூன்று நாளாய் வெயிலில் திரிந்து முகம் கறுத்திருந்தது. போன் சார்ஜ் இறங்கி அணைந்து போனதால் அவளுக்கு இரண்டு கையும் ஓய்வு. கைதட்ட அது போதும்.

டினேஸ் திரும்பவும் அடித்தான். வேறு என்ன செய்வான் பாவம்? பாட்டு நிற்காமலே செய்தி சீற்றுக்குச் சீற்று பின்னால் போனது. ஒருத்தி குனிந்து மற்றவளுக்குச் சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்தவளைத் தொட, பாட்டு மட்டும் போய்க்கொண்டேயிருந்தது. பளை வருவதற்குள் ஜெசிதாவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குழுவுக்குப் பொறுப்பான துஷாந்தினி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பாடினாள்.

பளையில்தான் அந்தக் கூத்து நடந்தது.

ஜெசிதா சீற்றுகளைப் பிடித்துப் பிடித்து முன்னுக்கு வந்தாள். "அண்ணை, வீட்டை ஒருக்கா போன் எடன். நான் தனியப் பாட்டுப் படிச்சதை அப்பாவுக்குச் சொல்லோணும். அந்த ஊர்ச் சனம் அழுதது எண்டு சொல்லு."

"வீட்டை போய்ச் சொல்லலாம்."

"நான் சொன்னால் கேக்கமாட்டார். ஒரு கிழமையா என்னோடை கதைக்கேல்லை, உனக்குத் தெரியும்தானே? வெளிக்கிடேக்கை 'போட்டு வாறன் அப்பா' எண்டு சொல்லுறன், மற்றப் பக்கம் திரும்பி இருக்கிறார் மனுசன். கொண்டா, நான் எடுக்கிறன்."

குமர்ப்பிள்ளையை இரவில் வெளியூரில் தங்க விட ஏலாது என்று அப்பா கனிசியஸ் ஒற்றைக்காலில் நின்றவர்தான். நானும் கூடப் போறன்தானே என்று ஜெயசுதன் வாக்குக் கொடுத்து, அம்மா அழுது, ஒருபடியாக விட்டார். விட்டாரே தவிர மனம் ஆறவில்லை. கடலுக்குப் போய் வருவார், அவளுடைய கையால் தேத்தண்ணி கூட வாங்கமாட்டார்.

ஜெசிதா போனுக்குக் கை நீட்டினாள். "பொறு, நான் எடுக்கிறன்," என்று ஜெயசுதன் அவசரமாகப் போனைக் காதில் வைத்தான். இலக்கம் எதுவும் அழுத்தவில்லை.

லைன் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பளையில் லைன் கிடைக்காமல் போவது ஒரு புதினமா? அப்பா நித்திரை என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணை விரித்துக்கொண்டு அவனுடைய வாயையே பார்த்தாள். அவனுடைய வாயும் தன்பாட்டில் தொடங்கியது.

"ஓம் அப்பா, நான்தான்… பளையிலை நிக்கிறம்… ஓம், சாப்பிட்டிட்டம்… அவள் நல்லாப் படிச்சவள் அப்பா. சனம் எல்லாம் அழுதது."

பஸ்ஸுக்குள் பாட்டு நின்றுவிட்டது. டோலக் நின்றது. முப்பது பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"கோவமோ எண்டு கேள்," என்று ஜெசிதா அவனுடைய சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அவள் கேக்கிறாள் கோவமோ எண்டு." செத்துப்போன மனிதருடைய பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு சிரித்தான். சிரித்தே விட்டான். "சரி அப்பா. சொல்லுறன். வைக்கட்டே?"

"என்னவாம்?"

"கோவமில்லையாம். வந்தோடனை அந்தப் பாட்டைத் தனக்கும் படிச்சுக் காட்டட்டாம்."

கடைசிச் சொல்லை யார் கேட்டது அவனிடம்? கோபமில்லை என்றதோடு நிறுத்தியிருந்தால் போதும். அவள் பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி, "அப்பாவுக்குக் கோவமில்லையாம்! என்னைப் படிச்சுக் காட்டட்டாம்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். ஒருவரும் அசையவில்லை. பிறகு டினேஸ்தான் முதலில் கை தட்டினான். அதன்பிறகு எல்லாரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ஜெயசுதன் கூனிக் குறுகிப் போனான். அவனுக்குப் பஸ்ஸிலிருந்து குதித்தால் என்ன என்று இருந்தது.

அவளோ வாழ்க்கையில் இல்லாத சந்தோசத்தில் நின்றாள். குரலைக் கரகரப்பாக்கி, இடுப்பில் கை வைத்து, அப்பா மாதிரியே தொடங்கிவிட்டாள். "எடியே! ஆர் உனக்குப் பாட்டுப் படிக்கக் காட்டினது? ஒரு சொதி வைக்கத் தெரியாது, மைக்கைப் பிடிக்க மட்டும் தெரியுது!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பயந்து சிரித்தார்கள். ஜெயசுதனும் சிரித்தான். அவன் பயந்து சிரிக்கவில்லை. அச்சொட்டாக அப்பா மாதிரியே இருந்தது, அதனால் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்து மூச்சு வாங்குகிறபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

சாவகச்சேரியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். ஜெசிதா வடை வாங்கப் போன நேரம் துஷாந்தினி அக்கா அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னத்துக்கடா அப்பிடிச் சொன்னனி?"

"தெரியேல்லை அக்கா."

"நாளைக்கு அவள் உண்மையை அறிஞ்சால்? அப்பா கோவத்தோடையே போனவர் எண்டது ஒண்டு. நாங்கள் முப்பது பேரும் அவளை வைச்சு நாடகம் ஆடினது இன்னொண்டு. ரெண்டையும் அவள் தாங்குவாளோ?"

துஷாந்தினி அக்கா தன் கையிலிருந்த தேத்தண்ணியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். தாகமாகத்தான் இருந்தது.

குருநகருக்குப் பஸ் வந்தபோது பொழுது படவில்லை. ஒழுங்கைக்குள் பஸ் திரும்பாது. முனையில் சித்தப்பா நின்றார். "சித்தப்பா ஏன் இஞ்சை நிக்கிறார்?" என்று கேட்ட ஜெசிதா, பஸ்ஸுக்குள் ஒருவருமே தன்னைப் பார்க்கவில்லை என்பதையும் கண்டுவிட்டாள். ஒழுங்கைக்குள் கதிரை அடுக்கியிருந்தது. பந்தலுக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார்கள். பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சவப்பெட்டி இன்னும் வந்திருக்கவில்லை. கனிசியஸைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி சேட்டுப் போட்டு, கட்டிலிலேயே கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சிலுவையும் இரண்டு மெழுகுதிரியும். பக்கத்தில் பாயில் அம்மா அற்புதராணி இருந்தாள். வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் நடந்ததைச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், பிறகு என்ன நடந்தது என்று கேட்பார்கள். அவள் பின்னேரம் தொடக்கம் ஒரே மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சோறு திண்டவர். சூடைமீன் சொதி. கொஞ்சம் சாயிறன் எண்டவர். நான் சட்டி கழுவிப்போட்டு வந்து பாக்கிறன், வாய் திறந்தபடி கிடக்கிறார். ரெண்டு மணியும் இல்லை.

ஜெசிதா அவளையும் தாண்டிப் போய் அப்பாவின் காலில் விழுந்தாள்.

"என்னோடை கோவமில்லை எண்டு சொன்னீங்களே அப்பா! இப்பதானே அண்ணையோடை கதைச்சனீங்கள்! படிச்சுக் காட்டச் சொன்னீங்களே அப்பா!"

வீட்டுக்குள் அழுகைச் சத்தம் படிப்படியாக அடங்கியது. அம்மா தலையை நிமிர்த்தினாள்.

முன்வீட்டு மாமிதான் கேட்டாள். மூன்று மணிக்கு உடம்பைக் குளிப்பாட்டினவர்களில் அவளும் ஒருத்தி. "என்ன பிள்ளை சொல்லுறாய்? எப்ப கதைச்சவர்?"

"பளையிலை வரேக்கை மாமி. நாலு மணி இருக்கும். அண்ணைதான் எடுத்தவர். பஸ்ஸிலை எல்லாரும் கேட்டவை. டினேஸ் அண்ணையைக் கேளுங்கோ!"

டினேஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் செருப்பையே பார்த்தபடி, "ஓம்," என்றான்.

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் நாலு பிளாஸ்ரிக் கதிரையை அணைத்துப் பிடித்தபடி கதவு நிலையில் நின்றான். கீழே வைக்கவும் தெரியவில்லை, கொண்டு போகவும் தெரியவில்லை. அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தே முழுவதையும் விளங்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவன் சொன்ன பொய் எதையும் அவள் தப்பவிட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழும்புத்துறையிலிருந்து பெரியம்மா ஓட்டோவில் வந்து இறங்கினாள். "என்ரை தங்கச்சி!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்துவிட்டுப் பெரியம்மா மூக்கைச் சீறிக்கொண்டு, எல்லாரும் கேட்பதைக் கேட்டாள். "என்னண்டடி நடந்தது?"

ஜெசிதா அழுகையை நிறுத்திக் காது கொடுத்தாள். அவளுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

அம்மா தொடங்கினாள். "மத்தியானம் சோறு திண்டவர் அக்கா. சூடைமீன் சொதி. கொஞ்சம் சாயிறன் எண்டு படுத்தவர்." இந்த இடத்தில் நிறுத்தி எச்சில் விழுங்கினாள். "பேந்து எழும்பினவர். தேத்தண்ணி கேட்டவர். நான் ஊத்திக் குடுத்தனான். அப்பதான் மோன் போன் எடுத்தவன். நான்தான் போனை அவரின்ரை காதிலை பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பிள்ளை நல்லாப் படிச்சவள் எண்டு கேட்டுச் சிரிச்சவர் அக்கா. கோவமில்லை எண்டவர். போனை வைச்சிட்டுத் திரும்பிப் படுத்தவர்தான்."

முன்வீட்டு மாமி வாயைத் திறந்தாள். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் கதையைக் கேட்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெசிதா அப்பாவின் காலைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு அழுதாள். அந்த அழுகையில் வலி இருந்தது, வலியோடு ஒரு ஆறுதலும் இருந்தது. அதைக் கேட்கக் கேட்க ஜெயசுதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பாவுக்கு முன்னால், எரிகிற மெழுகுதிரிக்கு முன்னால் அம்மாவைப் பொய் சொல்ல வைத்துவிட்டான். பொய் என்றால் அம்மாவுக்கு ஆகாது. அடுத்த பூசைக்கு முன்னம் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் நற்கருணை வாங்குவாள்.

முகம் கழுவ அம்மா பின்பக்கம் போனாள். அவன் பின்னாலேயே போனான். குழாயடியில் அவள் குனிந்து முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

"அம்மா…"

"எத்தினை மணி எண்டு சொல்லியிருக்கிறாய்?"

"நாலு மணி அம்மா. நான் வேணுமெண்டு…"

"டொக்டர் மூண்டு மணிக்கு முன்னம் வந்தவர். குளிப்பாட்டின பொம்பிளையள் மூண்டு பேர். அவையளோடை நான் கதைக்கிறன். சித்தப்பாவோடை நீ கதை." அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அப்பா என்ன சொன்னவர் எண்டு அவளுக்குச் சொன்னனி? சரியாச் சொல்லு. வாற சனத்துக்கு நான் மாத்தி மாத்திச் சொல்லக்கூடாது."

அவன் குனிந்து காலடியில் கிடந்த வாளியை நேராக்கி வைத்தான்.

"சொல்லு."

"கோவமில்லை எண்டவர்… வந்தோடனை அந்தப் பாட்டைத் தனக்கும் படிச்சுக் காட்டட்டாம் எண்டவர்."

"வந்தோடனை அந்தப் பாட்டைத் தனக்கும் படிச்சுக் காட்டட்டாம்," என்று அம்மா செபம் பாடமாக்குகிற பிள்ளை மாதிரி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சேலையால் முகத்தைத் துடைத்தாள்.

"அம்மா, உண்மையா அப்பா அவளைப் பற்றி ஏதும் சொன்னவரோ? கடைசியா?"

"சொதிக்கு உப்புக் காணாது எண்டவர்," என்றாள் அம்மா.

முன்பக்கம் ஓட்டோ ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரோ பெரிதாகக் குரல் எடுத்து அழுதுகொண்டு வந்தார்கள். அம்மா தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

ஜெயசுதன் குழாயடியிலேயே நின்றான். உள்ளே கட்டிப்பிடித்த அழுகை ஓய்ந்து, அம்மாவின் குரல் தனியாகக் கேட்கத் தொடங்கியது. சோறு, சொதி, சாய்ந்தது. கதையில் தேத்தண்ணி கேட்ட இடத்துக்கு வந்துவிட்டாள். அவன் குனிந்து குழாயை முழுவதும் திறந்துவிட்டு, வெறும் வாளிக்குள் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.