வெள்ளிக்கிழமை ஊர்ப்படம்

கதிரவன் மேற்கே சாய்ந்து, வெயில் தன் வெம்மையைக் களைந்து பொன்னிறத்தை மட்டும் பூண்டு நின்ற மாலைப்பொழுது. ஊரின் நடுவே ஆறு, எவருக்கும் கடன்படாத முதியவரைப் போல ஆற அமர வளைந்து செல்ல, அதன் மேல் ஒற்றைப் பாலமும், பாலத்தின் அக்கரையில் தொடர்வண்டி நிலையமும், இக்கரையில் கடைத்தெருவும், கடைத்தெரு முடியுமிடத்தில் என்றும் பிந்தியே ஓடும் மணிக்கூண்டும், அதற்கப்பால் அஞ்சல் நிலையமும், மருத்துவமனையும், மேட்டின் உச்சியில் வயிறு பருத்த நீர்த்தொட்டியும் தத்தம் நிழலை நீட்டிக் கிடந்தன. படிப்பவரே, ஊர் முழுவதையும் காட்டிவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இந்தக் குறும்பை எனக்குக் கற்பித்தவரைப் பற்றியதே இக்கதை.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஐந்தாம் வகுப்பிற்குப் பாடம் சொன்ன அந்த அம்மையாரை ஊரார் 'பெரிய டீச்சர்' என்றே அழைத்தனர். தூய சொல்லொன்றை அவ்விடத்தில் இட என் எழுதுகோல் பெரிதும் விழைகின்றது. ஆயினும் வேறெப்படிச் சொன்னாலும் ஊரில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் அவர் சுண்ணக்கட்டியைக் கையிலெடுத்து, ஒரு தாளையும் பாராமல், கரும்பலகை நிறைய ஊர்ப்படம் வரைவார், வரைந்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டே, "எத விட்டேன்?" என்று கேட்பார். ஏதேனும் ஒன்று விடுபட்டே இருக்கும். கண்டுபிடித்துக் கைதூக்கிய பிள்ளைக்குச் சுண்ணக்கட்டி கைமாறும். அப்பிள்ளையே எழுந்து சென்று, விடுபட்டதை அதற்குரிய இடத்தில் வரைந்து நிரப்ப வேண்டும்.

ஒருமுறை பாடவேளை முழுதும் கழிந்தும் எவரும் கண்டுபிடிக்கவில்லை. மணியடிக்கும் நேரத்தில் அவர் தாமே பள்ளிக்கூடத்தை வரைந்து, "உக்காந்திருக்கிற எடந்தான் யார் கண்ணுக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். முதற்பத்தியில் நான் விட்டதும் அதுவே. முன்பே கண்டுபிடித்தவர்கள் கையை இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அன்று அவ்வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் விடை தெரிந்திருந்தது. அவள் பெரிய டீச்சரின் மகள் வயிற்றுப் பெயர்த்தி. பள்ளியில் 'டீச்சர்' என்றும் வீட்டில் 'பாட்டி' என்றும் அழைக்க வேண்டும் என்ற கட்டளையில் சிக்கித் தடுமாறி, ஒருநாள் உணவு வேளையில், "டீச்சர், இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டு வீட்டாரின் நகைப்புக்கு ஆளானவள். வீட்டுப் பிள்ளை கைதூக்கினால் வீட்டிலேயே விடை சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிறர் பேசுவரோ என அஞ்சி, அவ்வாண்டு முழுதும் அவள் ஒருமுறையும் கைதூக்கவில்லை. அன்று மாலை வீடு திரும்பும் வழியில் பாட்டி அவளிடம், "ஒனக்குத் தெரிஞ்சுது இல்ல?" என்றார்.

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் சும்மா இருந்தா, தெரியாதவளுக்கும் ஒனக்கும் என்னடி வித்தியாசம்?"

அந்தக் கேள்வி பெயர்த்தியோடு வளர்ந்தது.

ஆண்டுகள் உருண்டன. பெயர்த்தி படித்து, அதே பள்ளியில், அதே ஐந்தாம் வகுப்பிற்கு ஆசிரியராகிச் 'சின்ன டீச்சர்' ஆனாள். பெரிய டீச்சர் பணி ஓய்வு பெற்ற பின்னும் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை மட்டும் அவருக்கென்றே விடப்பட்டிருந்தது. வாரம் முழுவதும் வாடிய முகம் அன்று காலையிலேயே மலர்ந்துவிடும். புடைவையை நீவி நீவிக் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே வாயிலில் வந்து நிற்பார். இந்நிலையில்தான் மருத்துவர், மூதாட்டியின் நினைவு சிறிது சிறிதாகத் தேய்கிறது, இனி அது வளராது என்று பெயர்த்தியைத் தனியே அழைத்துச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் அஞ்சல் நிலையத்தை விட்டு வரைந்தார். ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்தது. அதற்குள் வேறொரு பிள்ளை எழுந்து, "பாலமும் இல்ல டீச்சர்" என்றது. பெரிய டீச்சர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். ஆற்றின் இருகரையும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. அவர் முகத்தில் அதுவரை எவரும் காணாத ஒரு திகைப்பு படர்ந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த பெயர்த்தி சட்டென எழுந்து, "இனிமே ஒன்னுக்கு மேலயும் விடுவாங்க. ஆட்டம் கஷ்டமாயிருச்சு, பாத்துக்குங்க" என்றாள். வகுப்பு ஆரவாரித்தது.

இருவரும் வீடு வந்து சேர்ந்தனர். செருப்பைக் கழற்றும்போது பாட்டி சொன்னார்.

"பாலத்த நான் வேணும்னு விடல."

"தெரியும் பாட்டி."

"பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லிட்டியே."

"வேற என்ன சொல்லட்டும்?"

பாட்டி தம் கையில் ஒட்டியிருந்த வெண்பொடியைத் தட்டிவிட்டார். "நிறுத்திக்கன்னு நீ சொன்னா நிறுத்திக்கிறேன். மத்தவங்க சொன்னா கேக்க மாட்டேன்."

சொல்லியிருக்கலாம். மருத்துவரும் அதையே விரும்பினார். தலைமையாசிரியரும் பட்டும் படாமல் அதையே உணர்த்தியிருந்தார். ஆனால் அந்த ஒரு பாடவேளையைப் பறித்துவிட்டால் பாட்டியிடம் எஞ்சுவது என்ன என்று எண்ணியவள், "அடுத்த வெள்ளிக்கிழமை புது சாக்பீஸ் எடுத்து வெக்கிறேன்" என்று மட்டும் சொல்லி உள்ளே சென்றாள்.

அவ்வாண்டு முழுதும் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. வெள்ளிதோறும் கடைசி வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்வாள். ஒன்று விடுபட்டது போய் இரண்டாயிற்று, நான்காயிற்று. மணிக்கூண்டு போயிற்று, மருத்துவமனை போயிற்று. கடைசியில் பெரிய டீச்சர் தாம் ஐம்பதாண்டு குடியிருந்த தெருவையே விட்டுவிட்டார். என்றேனும் ஒரு பிள்ளை எழுந்து, 'டீச்சருக்கு மறந்து போச்சு' என்று உரக்கச் சொல்லிவிடுமோ, அச்சொல்லைக் கேட்டுப் பாட்டி அந்தப் பலகையின் முன்னேயே உடைந்து போவாரோ என்பதே அவளுடைய ஒரே அச்சம். ஆனால் அந்தச் சொல் வரவேயில்லை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன; பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து வரைந்தனர்; மணியடிக்கும்போது படம் நிறைந்திருந்தது. தன் பொய் பாட்டியைக் காத்தது என்று பெயர்த்தி நம்பினாள். பிள்ளைகளை ஏமாற்றினோமே என்று வருந்தவும் செய்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், துயிலிலேயே பாட்டி மறைந்தார்.

நினைவுக் கூட்டத்தை மண்டபத்தில் வைக்கலாம் என்றனர் சிலர். அந்த வகுப்பறையே போதும் என்றாள் பெயர்த்தி. அன்று மாலை, இக்கதையின் தொடக்கத்தில் நாம் கண்ட அதே பொன்வெயில் சாளரம் வழியே விழ, பழைய மாணாக்கர் சிறுபிள்ளைகளின் விசுப்பலகைகளில் முட்டி இடிக்க நெருங்கி அமர்ந்தனர். தொடர்வண்டி நிலைய அதிகாரி ஒருவர் நுழைத்த காலை வெளியே எடுக்க இயலாமல் அப்படியே இருந்துவிட்டார். பெயர்த்தி எழுந்து பாட்டியின் வாழ்வைச் சொன்னாள்: இளம் வயதில் கணவரை இழந்ததை, மகளைத் தனியே வளர்த்ததை, மழை நாளில் பிள்ளைகளைக் கைபிடித்துப் பாலம் கடத்தியதை. கடைசி ஓராண்டைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல், "கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லிக் குடுத்தாங்க" என்று முடித்தாள்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் இரட்டைச் சடைச் சிறுமியின் கை அது.

"டீச்சர், நீங்க ஒன்னு விட்டுட்டீங்க."

பழைய மாணாக்கர் அனைவரும் சிரித்துவிட்டனர். பெயர்த்தியும் முறுவலித்து, "எத விட்டேன்?" என்றாள்.

"பெரிய டீச்சருக்கு மறந்து போனத."

சிரிப்பு அடங்கிற்று. சிறுமி தயங்கவில்லை. "எங்களுக்கு அப்பவே தெரியும் டீச்சர். எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அதனால இடைவேளையில எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். ஒரேயடியா கை தூக்கக் கூடாது, ஒவ்வொருத்தராத்தான் தூக்கணும். ரொம்ப நேரம் யோசிச்ச மாதிரி இருக்கணும்னு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நீங்க பின்னாடி பயந்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க. ஒங்களுக்கும் தெரிய வேணாம்னுதான் சொல்லல."

ஓராண்டு நெஞ்சில் சுமந்த கல் இறங்கியதும் பெயர்த்தி அத்தனை பேர் முன்னிலையிலும் வாய்விட்டு அழுதாள். தான் ஏமாற்றியதாக எண்ணிய பிள்ளைகளே பாட்டியையும் தன்னையும் சேர்த்துக் காத்திருக்கின்றனர் என்பது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கப்படி சுண்ணக்கட்டியை எடுத்துச் சிறுமியிடம் நீட்டினாள்.

"பலகையில ஒன்னுமே இல்லையே டீச்சர். எதப் போடறது?"

"ஆத்தப் போட்டுட்டு, பாலத்துல இருந்து ஆரம்பி."

சிறுமி ஆற்றையும் பாலத்தையும் வரைந்தாள். சுண்ணக்கட்டி கைமாறியது. ஒருவர் மணிக்கூண்டை வரைந்தார். நரைத்த தலை ஒன்று அஞ்சல் நிலையத்தை வரைந்தது. இருவர் கைகொடுத்து இழுக்க, நிலைய அதிகாரி எழுந்து வந்து தம் நிலையத்தைத் தேவைக்கு மேல் பெரிதாகவே வரைந்தார். பெரிய டீச்சரின் தெருவை வரைய நால்வர் போட்டியிட்டனர். இனி வரைய ஒன்றுமில்லை என்று எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு பின்வாங்கி நின்றபோது, தன் மாணவப் பருவத்தில் ஒருநாளும் உயராத கையை, பெயர்த்தி, கடைசி வரிசைக்குச் சென்று அமர்ந்து, உயர்த்தினாள்.

"பள்ளிக்கூடம் விட்டுப்போச்சு" என்றாள்.

நல்லாசிரியர் மறைந்தபின் அவர் வரைந்ததெல்லாம் பலகையிலிருந்து அழிந்துபோகும். விட்ட இடத்தை நிரப்பப் பழகிய கைகள் மட்டும் ஊரெங்கும் எஞ்சி நிற்கும்.