ரத்தம் போகாத சுவர்

விடியற்காலையில் உலை வாயைத் திறந்தால் புருவம் பொசுங்கும். உருகிய இரும்பை வாளியில் பிடித்து, வாளியின் தண்டை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, மண் அச்சுகளில் ஊற்ற வேண்டும். முன்முனையில் மாமா, என் அக்கா வீட்டுக்காரர். பின்முனையில் நான். பதினெட்டு வருடமாக அவர் முதுகைப் பார்த்தே நடந்திருக்கிறேன்.

அன்று ஏழாவது அச்சுக்கு முன்னால் அந்த முதுகு வளைந்தது.

"மாப்ளே, இறக்கு... மெதுவா."

ஒரு சொட்டுச் சிந்தாமல் வாளியை வைத்த பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அவரை ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, மூச்சு முட்டும் நேரத்தில் நரம்பில் மருந்தேற்றிப் படமெடுத்தார்கள். ஓய்ந்த பிறகு இன்னொரு படம். டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இதயத் தசையில ரத்தம் போற இடமெல்லாம் மஞ்சளாத் தெரியும். உழைக்கறப்போ இந்தக் கீழ்ச் சுவருக்கு ரத்தம் போகல, கறுப்பா இருக்கு பாருங்க. ஓய்வுல அதே இடம் மஞ்சளாயிடுது. தசை இன்னும் சாகல. அடைப்பைச் சரி பண்ணிட்டா பிழைச்சுக்குவார். தள்ளிப்போடாதீங்க."

கம்பெனி சேர்த்த ஆஸ்பத்திரி என்பதால் அறிக்கை நேரே முதலாளிக்குப் போனது. மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஓய்வா இருந்தா நல்லா இருக்குன்னு போட்டிருக்கே. வீட்டுலயே ஓய்வா இருக்கட்டும்."

"வைத்தியம் கம்பெனிதானே பார்க்கணும், ஐயா?" என்றேன்.

"உலையை நானும்தான் தினம் பார்க்கறேன். எனக்கு வரலையே?"

மாமா கைகட்டி நின்றார். "மண்ணு சலிக்கற வேலையாவது குடுங்க, ஐயா."

"செத்து என் வாசல்ல விழறதுக்கா?"

மாமாவின் அடையாள அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் வெட்டினார். துண்டு ஒன்று கீழே விழுந்தது. குனிந்த மாமா மூச்சு வாங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டிட்டுப் போ. தரையெல்லாம் கரியாகுது."

மறுநாள் விடியலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நாற்பது வயது தாண்டிய எல்லோரும் அதே படம் எடுக்க வேண்டும். முடிவு அலுவலகத்துக்கு வரும்.

"படம் நல்ல படம்தான்," என்றாள் எங்களோடு மண் அச்சுப் பிடிக்கும் அச்சுக்கார அக்கா. "அது யார் கைக்குப் போகுதுங்கறதுதான் பேச்சு."

இரும்பு தயாராகிக் கொதித்தது. வாளியை யாரும் தொடவில்லை. முதலாளி ஓடிவந்தார்.

"உறைஞ்சா உலையே போயிடும்டா!"

"படம் எடுத்துக்கறோம்," என்றேன். "முடிவு எங்க கைக்கு வரணும். அடைப்பு இருந்தா வைத்தியம் பாருங்க, லேசான வேலை குடுங்க. எங்க மாமாவுக்கு இன்னைக்கே."

"ஒருத்தனுக்காக எல்லாரும் தெருவுக்குப் போவீங்களா?"

அச்சுக்கார அக்கா முன்னால் வந்தாள். "எனக்கும் ஆறு மாசமா நெஞ்சுல இருந்து இடது கை வரைக்கும் இழுக்குது. பயந்துட்டு வீட்டுல கூடச் சொல்லல. இப்போ சொல்றேன்."

கூட்டத்தில் நின்ற அவள் புருஷன் திரும்பிப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது.

முதலாளி குமாஸ்தாவிடம் உறுமினார். "நோய்க்காரங்க பேரையெல்லாம் எழுதுய்யா. அத்தனை பேரையும் இன்னைக்கே வெளியே தள்ளறேன்."

குமாஸ்தா பேனாவை எடுத்தார். அச்சுக்கார அக்கா பெயர் கொடுத்தாள். பின்னால் கசடு அள்ளுகிறவர், "படியேறினா எனக்கும் அடைக்குது, எழுதுங்க" என்றார். கல்லைப் போன்ற உடம்புள்ள உலைக்காரன் அடுத்து வந்து நின்றான்.

"உனக்கு என்னய்யா?"

"நெஞ்சு எரியுது. எழுதுங்க."

குமாஸ்தா தாளைத் திருப்பினார். வரிசை உலை வரைக்கும் நீண்டிருந்தது.