ஒரு அளவு பெரிய கோட்

கப்பல் பின்னேரம் ஐந்து மணிக்கு மொன்றியல் துறைமுகத்தில் கட்டும் என்று காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். மற்றச் சனம் அதைக் கேட்டுப் பெட்டி அடுக்கத் தொடங்கியது. எனக்கு அந்த ஐந்து மணி வேறு. என் மனைவி யோகராணி பதில் சொல்லும் நேரம் அது.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். இரண்டு வருடமாக அவளுக்குப் புற்றுநோய். இரண்டு முறை மருந்து ஏற்றியாயிற்று. மூன்றாவதாக ஒரு மருந்து இருக்கிறது, ஏற்றினால் ஆறு மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வருடம் கிடைக்கலாம் என்று ஓகஸ்டில் டொக்டர் சொன்னாள். நான் அருமைராசா, முப்பது வருடம் சேலைக்கடை நடத்தியவன். பழக்கதோஷத்தில், "ரெண்டு வருசமாக்கித் தாங்கோ டொக்டர்" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த மகள் சாம்பவி தலையைக் குனிந்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. உள்ளே ஏதாவது இருப்பில் இருக்குமோ என்பதுபோல் கோப்பைத் திறந்து பார்த்தாள்.

திரும்பி வரும்போது காரில் யோகராணி சொன்னாள்: "முதல்ல என்னை வடக்குக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஐஸ்மலை பாக்கோணும். திரும்பி வந்து மொன்றியல்ல கப்பல் கட்டேக்க சொல்லுறன், மருந்து ஏத்திறதோ இல்லையோ எண்டு. அதுவரைக்கும் நீங்கள் அந்தக் கதையே எடுக்கப்படாது."

"ஐஸ் பாக்கிறதெண்டா ஜனவரியில வாசல் கதவைத் திற. டொலார்ட்ல எங்கட வீட்டு ட்ரைவ்வே முழுக்கக் கிடக்கு."

"அதை நான் அள்ளோணும். கடல்ல கிடக்கிறதை ஒருத்தரும் அள்ளத் தேவையில்லை."

வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மருந்து ஏற்றுவதற்கு ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்குத் திங்கள்.

பன்னிரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். கிறீன்லாந்தில் சின்ன ரப்பர் படகில் போனபோது அவள் குனிந்து, தண்ணீரில் மிதந்த ஐஸ்துண்டு ஒன்றை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். பழைய ஐஸ் உருகும்போது உள்ளே அடைபட்ட காற்று படபடவென்று வெடிக்கும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தான். அவள் கை விறைக்கும்வரை கேட்டாள். அப்போதுகூட நான் கேட்கவில்லை.

ஆனால் வாயால் கேட்காதவனுக்குக் கண் இருக்கிறது. கடையில் பிறந்து வளர்ந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் துணிக்கடை மேசைக்கு அடியில் இருந்துதான் முதல் முதல் எண்ணப் பழகினேன். வாங்க வந்த ஆள் ஆர், காற்று வாங்க வந்த ஆள் ஆர் என்று நடையிலேயே சொல்லுவேன். குறை சொல்லுகிற ஆள் வாங்கும். "உந்தக் கரை கொஞ்சம் அகலமெல்லோ" என்று ஒரு மனுசி முகத்தைச் சுளித்தால், பில் புத்தகத்தை எடுக்கலாம். எடுத்துப் போடுகிற சேலை எல்லாவற்றையும் "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று தடவுகிற ஆள், ஒன்றும் வாங்காது.

அன்று காலை யோகராணி கஞ்சி நல்லாயிருக்கு என்றாள். பன்னிரண்டு நாளும் அந்தக் கப்பல் கஞ்சியைத் திட்டியவள். பேந்து, கடல் முடிந்து கப்பல் நுழைந்திருந்த ஆறு வடிவாயிருக்கு என்றாள். கரையில் சிவந்து நின்ற மேப்பிள் மரங்கள் வடிவு, தேத்தண்ணி சூடு சரி, என்னுடைய சேர்ட் எனக்கு எடுப்பு.

"இந்தச் சேர்ட் எனக்கு எடுப்பெண்டு கலியாணத்தண்டுகூட நீ சொல்லேல்லை."

"கலியாணத்தண்டு நீங்கள் வேட்டியெல்லோ கட்டினனீங்கள்."

பத்து மணிக்கு இரவலாகத் தந்த ரப்பர் சப்பாத்துகளைத் திருப்பி வாங்கினார்கள். கோட் எங்களுக்கே சொந்தம். ஏறிய நாளே ஆளுக்கொரு சிவப்புக் கோட் கொடுத்திருந்தார்கள். மைனஸ் முப்பதுக்கும் தாங்கும் சாமான். தையலைத் திருப்பிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு மீடியம்தான் அளவு. நான்தான் லார்ஜ் எடுக்க வைத்தேன்.

"இது ஆருக்கு? எங்கள் ரெண்டு பேருக்குமோ?" என்றாள்.

"வருத்தம் மாற உடம்பு போடும். அப்ப பாரன்."

அவள் கோட்டின் இரண்டு கையையும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு நாள் கப்பலில் எங்கு பார்த்தாலும் அவளை எனக்கு அடையாளம் தெரியும். சிவப்புக் கோட்டுகளுக்குள் ஆளில்லாததுபோல் ஒரு கோட் நடந்து போகும்.

த்ருவா-ரிவியேர் ஊரைத் தாண்டும்போது போனுக்கு உயிர் வந்தது. சாம்பவி.

"அப்பா, அம்மா ஏதும் சொன்னவவே?"

"அஞ்சு மணிக்குத்தான்."

"நீங்கள் ஏதாவது கதைச்சுப் பாருங்கோவன். ஊரையெல்லாம் மடக்கிற வாய்."

மகள் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. மடக்கியது நான் தனியாக இல்லை. சூரத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ மொத்தமாகச் சேலை எடுக்கப் போனால், நான் இருந்து பேரம் பேசுவேன். விலை இறங்க மறுத்து நிற்கும் கட்டத்தில் யோகராணி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழும்புவாள். "வாங்கோப்பா, போவம்." நான் அசையமாட்டேன். அவள் வாசல் மட்டும் போவாள், அங்கே நிற்பாள். கடைக்காரன் என்னைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான், பிறகு "அம்மா, வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்பான். முப்பது வருடத்தில் அவளைத் திருப்பிக் கூப்பிடாத கடை ஒன்றுகூட இல்லை. எழும்பிப் போவது அவளுடைய வேலை, இருந்து பேசுவது என்னுடைய வேலை.

மத்தியானச் சாப்பாட்டில் நான் எனக்குத் தெரிந்த மற்றத் தந்திரத்தைப் போட்டேன். அக்கறை இல்லாததுபோல் கரண்டியைப் பார்த்துக்கொண்டு, "நீ என்ன சொன்னாலும் எனக்கு ஒண்டுதான். யோசிக்காத" என்றேன்.

அவள் சிரித்தாள். "சூரத்தில அந்த மீசைக் கடைக்காரனிட்டயும் இப்பிடித்தான் சொன்னனீங்கள். கரண்டியில ஒண்டும் இல்லை, சாப்பிடுங்கோ."

சாப்பிட்டபின் கொஞ்சம் படுக்கப்போகிறேன் என்று அறைக்குப் போனாள். நான் மேல்தட்டில் நின்று ஆற்றைப் பார்த்தேன். மரங்கள் முடிந்து, எண்ணெய்த் தாங்கிகளும் கிரேன்களும் வரத் தொடங்கின. ஊர் கிட்டிவிட்டது.

நாலு மணிபோல் தூரத்தில் ஜாக் கார்த்தியே பாலம் தெரிந்தது. சனம் எல்லாம் கமராவோடு முன்பக்கம் கூடியது. கூட்டத்துக்குள் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கோட் நின்றது. கை மடித்து மடித்து விழுந்த வரி இருந்தது, ஆனால் இப்போது மடிப்பு இல்லை. நீட்டிவிட்ட கை மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது. தோள் நிறைந்திருந்தது. பன்னிரண்டு நாள் கடற்காற்று, நான் சொன்னது சரி, உடம்பு போட்டுவிட்டாள்.

"ராணி, குளிரேல்லையோ" என்று தோளில் கை வைத்தேன்.

திரும்பியது எலிசா. எங்கள் அறையைத் துப்புரவு செய்யும் பிலிப்பைன்ஸ் பெண். இந்தப் பயணத்தோடு கப்பல் வேலையை விட்டு, மொன்றியலில் கோட்-டே-நெய்ஜ் பக்கம் இருக்கும் அக்காவோடு தங்கப்போகிறாள் என்று யோகராணி சொல்லியிருந்தாள்.

"மேடம் தந்தார்," என்றாள் ஆங்கிலத்தில். முகத்தில் ஒரு பயம். "வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்தானே, ஸேர்?"

"தெரியும்" என்றேன். "உனக்குச் சரியான அளவு."

வியாபாரி பொய் சொல்லும்போது முகம் அசையக்கூடாது. அசையவில்லை.

மொன்றியலில், குளிர் தொடங்கும் ஒக்டோபரில் ஒருவரும் கோட் கொடுக்கமாட்டார்கள். நிலவறையில் இருப்பதைத் தேடி எடுத்துத் தூசி தட்டுகிற மாதம் இது.

அரை மணிக்குப் பிறகு யோகராணி வந்தாள். ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் சால்வை. ஆற்றுக்காற்றில் உதடு நீலமாகியிருந்தது.

"கோட்டைக் கண்டிட்டன்" என்றேன்.

"அவளுக்கு இது முதல் வின்டர்."

"அதுசரி. வீட்டில உன்ர பழைய கோட் கிடக்குத்தானே."

இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கடைசி விலை கேட்கிறவனின் குரல்.

"அதைக் கப்பல் ஏற முதலே குடுத்திட்டனப்பா. கோயில்ல, புதுசா வந்த ஆக்களுக்கெண்டு உடுப்புச் சேர்த்தவை."

பாலம் தலைக்கு மேலால் போனது. மேலே ஓடிய கார்களின் சத்தம் இரும்பில் உறுமியது. அப்படியென்றால் கப்பல் ஏற முதலே கடை பூட்டியாயிற்று. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பன்னிரண்டு நாள் நான் விலை கேட்டிருக்கிறேன்.

"அப்ப அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்களும் பிள்ளையும் பன்னெண்டு நாளும் அதையே கதைச்சிருப்பியள். டொக்டர், மருந்து, என்ன சாப்பிட்டனீ, எத்தினை தரம் சத்தி எடுத்தனீ. ரெண்டு வருசமா வீட்டில வேற கதையில்லை. எனக்கு அது இல்லாத பன்னெண்டு நாள் வேணுமாயிருந்தது." கம்பியில் விரலால் தட்டினாள். "நீங்களும் வாய் திறக்கேல்லை. நான் நம்பேல்லை, உங்களால ஏலுமெண்டு."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. ஆறு மாதம் என்றால் சித்திரை வரும், வெயில் வரும். மருந்தை ஒரு தரம் ஏற்றிப் பார்த்து, ஒத்துவராவிட்டால் விடலாம். எல்லாம் நல்ல பேச்சு. வாய்வரை வந்தன. சால்வைக்கு வெளியே தெரிந்த அவள் கழுத்தெலும்பைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

என் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டேன். எக்ஸ்ட்ரா லார்ஜ். அதற்குள் அவள் முழுதாக மறைந்துபோனாள்.

"நீங்கள் விறைக்கப் போறியள்."

"கரை மட்டும்தானே."

அவள் மறுக்கவில்லை.

பழைய துறைமுகத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் பக்கத்தில் வந்தது. கரையில் நின்றவனுக்குக் கயிற்றை எறிந்தார்கள். அவன் இரும்புக் குற்றியில் சுற்றினான். ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருந்தது.

"கட்டியாச்சு" என்றாள். "இப்ப கேக்கலாம்."

"பசிக்குதோ?" என்று கேட்டேன்.

அவள் கோட்டைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்தாள். "கொஞ்சம்" என்றாள்.

போன் அடித்தது. கீழே, வேலிக்கு அப்பால், சாம்பவி கை அசைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அம்மாவைக் கண்டிட்டன். சிவப்புக் கோட்டோட நிக்கிறா. என்னவாம்?"

"குளிருதாம். கார் ஹீற்றரைப் போட்டு வை."

பெட்டிகளோடு கீழே வந்து கதிரைகளில் காத்திருந்தோம். இறங்கும் பாலத்தைத் திறந்ததும் யோகராணி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "வாங்கோப்பா, போவம்" என்று சொல்லி, எல்லோருக்கும் முதல் போய் வாசலில் நின்றாள். பழக்கம். நானும் பழக்கத்தில் கதிரையில் இருந்துவிட்டேன். கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. அவள் அங்கேயே நின்றாள்.

நான் கூப்பிடவில்லை. இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன்.